கை மாறிய வாட்ச்

இதய அறுவை சிகிச்சை முடிந்து ஒத்தக்கடை வீட்டுக்கு வந்தேன். நான் தினமும் நடக்கிறேனா என்று சென்னையிலிருந்தே பார்க்க, மகள் என் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டுப் போனாள். எனக்கு வலியெல்லாம் இல்லை, வெறும் சோம்பல். ஒருநாள் காலையில், "கை அரிக்குது, நீ போட்டுக்க" என்று மனைவி கையில் அதைக் கட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மாலையில் மகள் போனில் பதறினாள். "என்னப்பா, டாக்டர் சொன்னதுக்கு மேல இம்புட்டு நடந்திருக்கீங்க? உடம்பு என்னத்துக்காகும்? பேசாம உக்காருங்க."

மனைவி எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு நின்றிருந்தாள். அன்று அவள் வாசல்படியே தாண்டவில்லை. அத்தனை நடையும் அடுப்படிக்கும் என் கட்டிலுக்கும் இடையில்தான்.

'உக்காரு' என்று அவளிடம் நான் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அப்போது சொல்லவும் வாய் கூசியது.