இரண்டு வயதுக் கிடேரியின் இருபது வருடப் பால்

எங்கள் தொழிலில் சரக்கைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. அதன் கடந்தகாலத்தைத்தான் காட்ட முடியும். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் மியூச்சுவல் ஃபண்டு விற்கிறேன். கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருந்தால், சொந்தக்காரர்கள் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார்கள். எதையாவது கமிஷனுக்கு விற்றுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

கிடேரி

மாரண்டஹள்ளியில் தக்காளி போடும் மாதம்மாள், சாலை அகலப்படுத்தப் போன நிலத்துக்கு வந்த பணத்தோடு என்னிடம் வந்தார். மகள் அப்போதுதான் ஒன்பதாவது சேர்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் நர்சிங் படிக்க வைக்க வேண்டும், அதற்கென்று இருப்பது இந்தப் பணம் ஒன்றுதான் என்றார். அந்தச் சமயத்தில் நான் ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்த ஃபண்டை லேப்டாப்பில் காட்டினேன். நடுத்தர அளவுக் கம்பெனிகளில், தகுதிக்குக் குறைந்த விலையில் கிடைப்பவற்றை ஒரு விதிப்படி பட்டியல் போடுவார்கள். ஃபண்டு அந்தப் பட்டியலை அப்படியே வாங்கும். யாருடைய சாமர்த்தியமும் அதில் தேவையில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

படத்தில் இருபது வருடக் கோடு ஏறிக்கொண்டு போனது. ஏழு வருடம் தொடாமல் வைத்தால் நல்லது என்றேன். அவரிடம் இருந்தது நான்கு வருடம். நடுவிலிருந்த மூன்று வருடப் பள்ளத்தை ஒரு வாக்கியத்தால் மூடினேன்: "எம் பொண்ணு படிப்புக்கும் இதுலதாங்க போட்டிருக்கேன்." அன்றைக்கு அது உண்மை.

ஃபண்டு ஆரம்பித்து எத்தனை வருடம் என்று கேட்டார். இரண்டு என்றேன். அப்படியானால் மீதிக் கோடு எங்கிருந்து வந்தது என்றார். பட்டியல் போடும் விதியைப் பழைய விலைகளின் மேல் பின்னோக்கி ஓட்டிப் பார்த்த கணக்கு என்று விளக்கினேன். மாதம்மாள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வயசுக் கெடேரிங்க இது. இருவது வருசமா கறந்த பால எழுதி வச்சிருக்கீங்க."

மலிவு

என் அறைக்குக் கீழே இஸ்மாயில் பாய் பழைய பைக் வாங்கி விற்கிறார். அவரிடம் இந்த ஃபண்டை விளக்குவது சுலபம் என்று நினைத்தேன். "நீங்க செய்யறதுதான் பாய். நல்ல வண்டி, கம்மி வெல. அந்த மாதிரி கம்பெனியாப் பாத்து வாங்கறாங்க" என்றேன்.

அவர் ஒரு வண்டியைச் சாய்த்து, அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை என் முன் நீட்டினார். கருப்பாக இருந்தது. "கம்மி வெலக்கி ஒண்ணு வருதுன்னா ரெண்டே காரணந்தான் சார். விக்கறவனுக்கு வண்டியப் பத்தித் தெரியல, இல்ல வாங்கற நமக்குத் தெரியல."

சாக்பீஸ்

மொரப்பூரில் ஒரு டியூஷன் சென்டரில் கூட்டம் போட்டேன். பதினைந்து பேர் வந்தார்கள். பாதிப் பேர் டீக்கும் மிக்சருக்கும் வந்தவர்கள் என்பது தட்டு சுற்றி வந்தபோது தெரிந்தது. பேச ஆரம்பித்ததும் கரண்ட் போய் புரொஜெக்டர் அணைந்தது. விடவில்லை. அங்கிருந்த கரும்பலகையில் இருபது வருடத்தை ஒரே இழுப்பில் வரைந்தேன். கையால் வரைந்தால் கோடு எவ்வளவு அழகாக ஏறுகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்த ஒரு விவசாயி, நடுவில் எங்கேயும் இறங்கவே இல்லையா என்று கேட்டார். நிறைய தடவை இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் திரும்ப ஏறியிருக்கிறது என்றேன். அவர் மிக்சரை மென்று முடித்துவிட்டுப் பலகையை ஒருமுறை பார்த்தார். "எறங்குன எடத்துல எல்லாம் சாக்பீஸ் ஒடஞ்சிருச்சுங்களா?"

செவ்வாய்க்கிழமை

இரண்டு வருடம் கழித்து நிஜமாகவே இறங்கியது. படத்தில் வீழ்ச்சி என்பது நகக்கண் அளவுதான். அதற்குள் குடியிருக்கும்போதுதான் அது எத்தனை மாதம் என்று தெரிகிறது.

செவ்வாய்தோறும் மாதம்மாள் மண்டியிலிருந்து போன் செய்வார். முதலில் தக்காளி விலையைச் சொல்வார், பிறகு ஃபண்டு விலையைக் கேட்பார். இரண்டும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. ஒரு செவ்வாயன்று, "புள்ள பதினொண்ணாவது போயிட்டா. இருக்கறதயாவது எடுத்துரலாங்களா?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பின்னால் தக்காளிக் கிரேட்டுகளை இறக்கும் சத்தம் கேட்டது.

எடுக்க வேண்டாம் என்று பத்து நிமிடம் பேசினேன். பழைய வீழ்ச்சிகளை வரிசையாகச் சொன்னேன். பயத்தில் எடுப்பவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள் என்றேன். நானே வைத்திருக்கிறேனே என்றும் சொன்னேன். சரிங்க என்று வைத்துவிட்டார். டீ வந்தது. அது ஆறுவதற்குள் என் மகள் படிப்புக்கு என்று வைத்திருந்த யூனிட்டுகள் முழுவதையும் விற்றேன். அடுத்தடுத்த செவ்வாய்களிலும் அவரிடம் அதே பத்து நிமிடத்தைப் பேசினேன். 'நானே வைத்திருக்கிறேன்' உட்பட.

அந்த வாரமே ஃபண்டு கம்பெனியின் சேலம் ஆபீஸிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். என் மேல் அவருக்கு மிகுந்த மரியாதை. "சார், இவ்ளோ எறங்கியும் உங்க கஸ்டமருங்க ஒருத்தர்கூட எடுக்கல. உங்க பேர்ல மட்டும் ஒண்ணு எடுத்ததா காட்டுது. சிஸ்டம் எரரா இருக்கும், சரி பண்ணச் சொல்லட்டுங்களா?"

கல்லூரிக் கட்டணம்

மகள் பன்னிரண்டு முடித்ததும் மாதம்மாள் வந்தார். ஃபண்டு அதற்குள் மீண்டு, பழைய உச்சியையும் தாண்டியிருந்தது. பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பினோம். படிப்பு முடியும்வரை கட்டணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் போதும், கொஞ்சம் மிஞ்சும். ஏழு வருடக் கதையைச் சொல்லி நான்கு வருடத்துக்கு விற்ற எனக்கு, அந்த நேரத்தில் அந்தக் கோடு இருந்த இடம் வெறும் அதிர்ஷ்டம் என்று தெரியும். பத்துப் பதினைந்து மாதம் முன்னால் அந்தப் பெண் பன்னிரண்டு முடித்திருந்தால், அவர் வருவதற்குள் நான் இந்த அறையைப் பூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

"உங்க பொண்ணுக்கும் இப்ப நல்லா வந்திருக்குமுங்களே" என்றார் மாதம்மாள். தலையாட்டியிருக்கலாம். ஏனோ ஆட்ட வரவில்லை. செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். டீயையும் சொன்னேன். என் மகள் படிப்புக்கு வங்கியில் கடன் கேட்டிருப்பதையும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படிவத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தினார். "போன் வெச்சதுக்கப்புறம் அந்தப் பத்து நிமிசத்த உங்களுக்கும் ஒருக்கா சொல்லிருந்தீங்கன்னா கேட்டிருப்பீங்க. நல்லாத்தான பேசுனீங்க."

இருபது வருடக் கோட்டை இப்போதும் எல்லோருக்கும் காட்டுகிறேன். அதற்கு அடியில் பொடி எழுத்தில் சந்தையைப் பற்றி எச்சரிப்பவர்கள், ஏஜென்ட்டைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துப் போட்டால் ஆட்சேபிக்க மாட்டேன்.