டிரெசர் தலைக்கே தையல்

போன புதன்கிழமை என் கணவர் சைக்கிளிலிருந்து விழுந்தார். இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எங்கள் தோட்டத்தில் யார் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாலும் தையல் போடுகிறவரே அவர்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் வேலைக்கு வந்தவர். இந்தப் பத்து வருஷத்தில் எத்தனையோ தலைகளைத் தைத்தாகிவிட்டது. தைக்கும்போதே அறிவுரையும் உண்டு – மெதுவாக ஓட்டு, பிரேக்கைப் பார்.

அன்று ரிங்லெட் ரோட்டுச் சரிவில் மழை ஈரம். எதிரே முட்டைக்கோஸ் லோரி. ஒதுங்கினார். தேயிலைச் செடியில் விழுந்திருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும். செடிக்கு முன்னால் ஒரு கல் இருந்ததே...

லோரி டிரைவரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நானும் ஓடினேன். நெற்றிக்கு மேலே ரத்தம். இவரோ ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, எப்படித் தைப்பது என்று ஆஸ்பத்திரி ஆயா பாக்கியத்துக்குப் பாடம் எடுக்கிறார். ஊசி பக்கத்தில் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அப்புறம் கேட்டார், இன்றைக்கு என்ன கிழமை என்று. புதன் என்றேன். கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி. மூன்றாவது முறை கேட்டபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. பாக்கியம் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், இது தையலோட போற அடி இல்ல. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்."

அதே லோரியில் புறப்பட்டோம். வழி நெடுக அவர் கிழமை கேட்டார். நான் புதன், புதன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவ்வளவு பொறுமையாக நான் பேசியதில்லை.

மறுநாள் காலை அவர் கேட்டது கிழமையை அல்ல, காப்பியை. டாக்டர் சிரித்தார். பிறகு சொன்னார் – தலைக்கு உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் கதையே வேறு.

மோட்டார் சைக்கிள் ஓட்டினால் ஹெல்மெட் போடச் சட்டம் இருக்கிறது. சைக்கிளுக்கு இல்லை. கல் என்ன, நீ எதில் வந்தாய் என்று விசாரித்துவிட்டா இடிக்கிறது?

பிரிஞ்சாங் டவுனில் பாய் ஒருவர் நடத்தும் கடையில் மோட்டார் ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். நல்ல சிவப்பு. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சைக்கிளுக்குப் போய் இதப் போட்டா லைன்ல எல்லாரும் சிரிப்பாங்க லா."

"சிரிக்கட்டுங்க. நான் அழாம இருந்தா போதும்."

ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து அதோடுதான் போகிறார். லைன் வீடுகளில் தொழிலாளர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். பனிமூட்டத்திலும் அந்தச் சிவப்பு, வளைவு திரும்பும்வரை தெரிகிறது.

நான் ஜன்னலில் நின்று பார்ப்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்!