நாத்தனாரின் சிடி

கல்லூரி நூலகத்தின் பின்பக்கம் இருந்த கணினி அறையில் அவள் வைத்ததுதான் சட்டம். அங்கிருந்த கணினிகள் எல்லாமே விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுபவை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கினால் மற்ற ஊழியர்கள் அவசர வேலை ஏதோ நினைவுக்கு வந்ததுபோல மெல்ல நழுவிவிடுவார்கள். அவள் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல்களில் சொடக்கு எடுத்துவிட்டு உட்காருவாள். லினக்ஸுக்குச் சின்னம் பென்குயின் என்பதால் அவளுக்குப் பென்குயின் மேடம் என்று பெயர் வந்தது. முதல்முறை காதில் விழுந்தபோது தன் நடையைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று ஒரு விரிவுரையாளரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. நடையையும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்பது அவள் கட்சி.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குத் தட்டச்சு மட்டுமே தெரியும். புத்தகங்களின் பின்னட்டையோடு வரும் சிடிகள் மூலையில் குவிந்து கிடந்தன, கேட்பாரில்லை. அவற்றை அவள் தலையில் கட்டினார்கள். கணினி பழுதானால் சரிசெய்கிற ஆள் வருவதற்குள் ஒரு பருவத் தேர்வே முடிந்துவிடும். காத்திருப்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. திறந்து பார்த்தாள், தப்பாகச் செய்தாள், திட்டு வாங்கினாள், மறுபடி திறந்தாள். கடைசியில் அந்த ஆள் வருவதே நின்றுபோனது. "கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி எதெல்லாம் கெடலன்னு பாரு" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். தான் சொன்னதில் தனக்கே மிகவும் பிடித்த வாசகம் அது.

இவ்வளவு பெருமையும் வீட்டு வாசற்படி வரைக்கும்தான். உள்ளே நாத்தனார் ராஜ்யம்.

நாத்தனார் கணவனுக்கு அக்கா. அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவள். மருந்துக் கிடங்கு ஒன்றை ஆயுள் முழுக்க நிர்வகித்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றாளே தவிர, லேபிள் ஒட்டும் பழக்கம் ஓயவில்லை. பெயர் ஒட்டாத பொருள் அவளுக்குக் காணாமல் போன பொருள். சமையலறை டப்பாக்களை விடுங்கள், சுவிட்சுகளுக்குக்கூட லேபிள் உண்டு. எதனோடும் இணைக்கப்படாமல் கிடந்த ஒரு சுவிட்சின் கீழே "சும்மா" என்று குண்டு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். தம்பி மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "பெட்டி முன்னாடி உக்காந்துட்டு வர்றா" என்பாள். அந்தச் சுவிட்சுக்கு எழுதிய அதே தொனியில்.

அப்படிப்பட்டவள் அன்று காலை, தம்பியைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கே வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல்முறை.

விஷயம் பென்குயின் மேடத்துக்கு ஏற்கெனவே தெரியும். இருமலுக்கு எடுத்த ஸ்கேனில் நாத்தனாரின் நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்திருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பும் அவளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் பழைய படத்திலும் இதே புள்ளி இதே அளவில் இருந்தால் அது வெறும் தழும்பு, அதன்பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றார் மருத்துவர். அங்கே இல்லையென்றால் புதிது. வெட்டி எடுத்தாக வேண்டும். பழைய படமே கிடைக்காவிட்டால் ஆறு மாதம் பொறுத்து மறுபடி எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். படம் எடுத்த நிலையத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நாத்தனாரின் அலமாரியில் இருந்த ஒரு சிடி. ஆஸ்பத்திரிக் கணினிகளில் சிடி போட இடமே இல்லை. பென் டிரைவில் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"பழைய புள்ளிதான் அது. எனக்குத் தெரியும்" என்றாள் நாத்தனார். "அந்த டாக்டர் கண்ணால பாத்தாத்தான் நம்புவாராம். சாயந்தரம் வரச் சொல்லியிருக்கார். நாளைக்கு அவர் ஊர்ல இல்ல."

"உக்காருங்க அண்ணி. அஞ்சு நிமிஷ வேலை" என்று சிடியை வாங்கிக்கொண்டாள் அவள். வீட்டில் ஒரு பேச்சும் எடுபடாது; இங்கே எடுபடும். அந்த நினைப்பே இனித்தது.

டிரைவின் தட்டில் வைத்துத் தள்ளினாள். பச்சை விளக்கு மினுக்கியது. உள்ளே உறுமல் சத்தம் எழுந்து, ஏறி, தணிந்து, மறுபடி ஏறியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"என்ன, வரலையா?" என்றான் கணவன். நகம் கடிக்க ஆரம்பித்திருந்தான்.

"வரும், வரும். வாயிலேர்ந்து கைய எடுங்க."

கணினிக்கு அந்த டிரைவ் கண்ணில் படுகிறதா என்று முதலில் கேட்டாள். ஒரு சொல்லைத் தட்டினால் கணினி தன்னோடு சேர்ந்த டிரைவுகளை வரிசையாகச் சொல்லிவிடும். சிடி டிரைவும் அதில் இருந்தது. ஆக, வயரில் கோளாறு இல்லை. அடுத்து சிடியை வெளியே எடுக்கப் பொத்தானை அழுத்தினாள். தட்டு அசையவில்லை. படிக்க முடியாத சிடியைப் படித்தே தீருவேன் என்று ஏதோ ஒரு நிரல் பிடித்துவைத்திருந்தது. அதை நிறுத்திவிட்டு அழுத்தினாள், அப்போதும் வரவில்லை. மேசையிலிருந்த காகித கிளிப்பை நிமிர்த்தி, டிரைவின் முகப்பில் இருந்த ஊசித் துளைக்குள் செலுத்தினாள். தட்டு நாக்கை நீட்டியது.

"கம்பிய விட்டுக் குத்தறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள் நாத்தனார்.

"குத்தற இடம் தெரிஞ்சதுக்குக் குடுக்கறாங்க, அண்ணி."

நூலகத்து சிடி ஒன்றை எடுத்துப் போட்டாள். கேட்காமலே திறந்து, தன் கோப்புகளை எல்லாம் காட்டியது. டிரைவும் நன்றாக இருக்கிறது. எதெல்லாம் கெடவில்லை என்று பார்த்தாயிற்று. மிஞ்சியது நாத்தனாரின் சிடி ஒன்றுதான். அதை மறுபடி போட்டு, கணினி தனக்குள்ளேயே எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்புகளைத் திரையில் ஓடவிட்டாள். படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்று ஒரே பல்லவி. அவளுக்கு லேசாக வியர்த்தது. அஞ்சு நிமிஷம் என்று வாயை விட்டது எப்போதோ கடந்துபோயிருந்தது.

உறுமல் ஏறும்போது உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள். பெட்டி நடுங்கியது. நூலகத்து சிடி ஓடியபோது இந்த நடுக்கம் இல்லை.

சிடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தம். ஒரு கீறல் கிடையாது. மேல்பக்கத்தில், ஓரமாக, நீள்சதுரமாக ஒரு வெள்ளை லேபிள். அதில் குண்டு எழுத்தில்: "நுரையீரல். பத்திரம்."

அவள் சிரித்துவிட்டாள்.

"எதுக்குச் சிரிக்கறே?"

"சிடி நல்லாத்தான் இருக்கு அண்ணி. நீங்க ஒட்டினது ஒரு பக்கமா இருக்கு. இது உள்ள சுத்தற வேகத்துக்கு, ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தாலும் போதும், ஆட ஆரம்பிச்சிடும். ஆடினா படிக்க முடியாது."

இதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. எல்லா சிடிகளின் மேலும் நூலக எண் ஒட்ட வேண்டும் என்று பழைய நூலகர் ஒருவர் உத்தரவு போட்டிருந்தார். உத்தரவு நிறைவேறிய வாரத்திலிருந்து மொத்த சேகரிப்பும் பேய் பிடித்தாற்போல் ஆடத் தொடங்கியது.

"இவ்வளவுதானா" என்று கணவன் சிடியை வாங்கி, லேபிளின் முனையில் நகத்தைக் கொடுத்தான்.

"கைய எடுங்க" என்று அவள் போட்ட அதட்டலில் வெளி அறையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "படம் எல்லாம் அந்த லேபிளுக்கு நேர் கீழதான் இருக்கு. நடுவுல மெல்லிசா ஒரு பூச்சு, அவ்வளவுதான். அத உரிச்சீங்கன்னா உங்க அக்காவோட நுரையீரல் லேபிளோட சேந்து வந்துடும்."

அவன் சிடியைச் சுடுபாத்திரம்போல மேசையில் வைத்தான். நாத்தனார் தன் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டியதால்தான் அந்த சிடி காணாமல் போகாமல் இருந்தது, ஒட்டியதால்தான் இப்போது திறக்க மாட்டேன் என்கிறது. கிடங்கில் அவள் செய்த கணக்குகளில் இப்படி ஒன்று வந்ததே இல்லை போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் பென்குயின் மேடத்துக்குச் சிரித்ததற்காக வருத்தமாகிவிட்டது.

வேகத்தைக் குறைத்துச் சுற்று என்று டிரைவுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினாள். உறுமல் தணிந்து முனகலாயிற்று. கோப்புகளின் பெயர்கள் திரைக்கு வந்தன. கணவன் கைகூப்பினான். ஆனால் படங்களை நகலெடுக்கத் தொடங்கியதும் பாதி வழியில் வண்டி நின்றது. சிடியின் வெளி ஓரத்துக்குப் போகப் போக ஆட்டம் கூடியது.

நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணி, கைப்பைல லேபிள் ஷீட் இருக்கா?"

கேட்டிருக்கவே வேண்டாம். அது இல்லாமல் நாத்தனார் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை.

"அதே அளவுல இன்னொண்ணு குடுங்க. இதுக்கு நேர் எதிர்ல ஒட்டணும்."

"ஒண்ணு ஒட்டினதே தப்புன்னே. இப்ப இன்னொண்ணா?" என்றான் கணவன்.

"ஒரு பக்கம் ஒட்டினதுதான் தப்பு. ரெண்டு பக்கமும் ஒரே கனமா இருந்தா ஆடாது. நீங்களே ஒட்டுங்க அண்ணி. உங்க கை அளவு பிசகாது."

இதைப் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் கோணலாக ஒட்டிய லேபிள் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்தாள். "என்ன எழுதணும்?"

"ஒண்ணும் எழுத வேண்டாம்."

"எழுதாத லேபிள நான் ஒட்டினதில்ல" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இதுவும் பத்திரம்" என்று எழுதினாள். சிடியைக் கையில் பிடித்து, பழைய லேபிளிலிருந்து ஓரத்துக்கு எவ்வளவு தூரம் என்று விரல் நுனியால் அளந்து, நேர் எதிரே புதியதை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

தட்டு உள்ளே போனது. பென்குயின் மேடம் பெட்டியின் மேல் கை வைத்தாள். நடுக்கம் இருந்தது, ஆனால் பழைய நடுக்கம் இல்லை. வேகத்தை மறுபடி குறைத்தாள். பழுதான சிடிகளுக்கென்றே அவள் வைத்திருந்த ஒரு நிரலை ஓடவிட்டாள். எளிதாக வருவதை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிற்பாடு பொறுமையாகத் திரும்பி வரும் நிரல் அது. எண்கள் ஏறின. நின்றன. ஏறின. மூன்று பேரும் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் துண்டும் வந்து சேர்ந்து, பிழை ஏதுமில்லை என்று திரை சொன்னபோது அவள் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள்.

"முடிஞ்சது அண்ணி."

"பெரிய வேலைதான்" என்றாள் நாத்தனார். அந்த வாயிலிருந்து அது வந்ததை நம்ப முடியாமல், பென்குயின் மேடம் கணவனைப் பார்த்தாள். அவனும் கேட்டிருந்தான். மதியத்துக்கு மேல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பென் டிரைவைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவளும் கூடவே கிளம்பினாள். சாதித்த வேலையை மருத்துவர் பாராட்டுவதைக் காதால் கேட்காமல் எப்படி இருப்பது.

மருத்துவர் பாராட்டவும் செய்தார். "ஆறு வருஷப் பழைய சிடி. நான் வராதுன்னுதான் நினைச்சேன்" என்றார். பிறகு பழைய படத்தை இடப்பக்கமும் புதிய படத்தை வலப்பக்கமுமாக வைத்து, ஒவ்வொரு அடுக்காக நகர்த்தினார். வலப்பக்கம் புள்ளி வந்தது. அதே இடத்தை இடப்பக்கம் பெரிதாக்கினார். மேலே போனார், கீழே வந்தார். மறுபடி பெரிதாக்கினார்.

இடப்பக்கம் சுத்தமாக இருந்தது. படத்தைப் படிக்கத் தெரியாத அவளுக்கே தெரிந்தது.

"இல்லம்மா. அப்போ இது இல்ல" என்றார் மருத்துவர். "புதுசுதான். ஆனா ரொம்பச் சின்னதா இருக்கு. இப்பவே எடுத்துட்டா நல்லது. அடுத்த வாரமே வெச்சுக்கலாம்."

கணவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பென்குயின் மேடத்துக்கோ, பகல் முழுக்க வரிந்து கட்டிக்கொண்டு தேடியது இந்த வெற்றிடத்தையா என்று இருந்தது. அந்த சிடி ஆடியே செத்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள்.

வெளியே நடைபாதையில் கணவன் தேதி கேட்க நின்றுவிட, பெண்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சும்மா இருக்கத் தெரியாத வாய் அவளுடையது; மனதில் பட்டதைச் சொல்லிவிட்டாள்.

"நான் அதத் தெறக்காமலே இருந்திருக்கலாமோன்னு தோணுது அண்ணி."

"தெறக்கலன்னா என்ன சொல்லியிருப்பார்?"

"ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு."

"அந்த ஆறு மாசமும் அது உள்ள கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குமா?"

"இருக்காது."

"அப்புறம் என்ன. கெடக்கறது தெரிஞ்சாத்தானே எடுக்க முடியும்." நாத்தனார் கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "நீ தெறந்ததால தெரிஞ்சுது."

 எதிரே ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஆபரேஷன் அன்னிக்கு உன்னால லீவு போட முடியுமா?" என்றாள் நாத்தனார், முகத்தைத் திருப்பாமலே. "உள்ள கொண்டுபோற வரைக்கும் நீ பக்கத்துல இரு. எனக்குப் பயமா இருக்கு."

பென்குயின் மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"இருக்கேன் அண்ணி" என்றாள்.