காது வெட்டப்பட்ட மாடு

நோயால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படும் மாட்டை மிருக வைத்தியர் பார்வையிட வேண்டும். அதன்பின் நீர்நிலைகளுக்கு அப்பால் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். இதில் விளங்காத சொல் ஒன்றுமில்லை. அரச சேவைக் காலம் முழுவதும் இப்படியான வாசகங்களைச் சுற்றுநிருபங்களாகப் பெற்றும் அனுப்பியும் கழித்தவன் நான். அவற்றை வாசிக்கக்கூடிய யாராவது இன்னும் பதவியில் இருப்பார்கள் என்று ஓய்வு பெற்ற பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாவடிப்பள்ளி வாய்க்காலில் அந்த மாடு மிதந்தது மாரி வெள்ளத்தின்போது. வயலிலிருந்து மாடுகளை எடுக்கவேண்டிய, தவறினால் மாட்டுக்காரனுக்குக் குற்றம் எழுதப்படுகிற திகதியை விவசாயிகள் கூட்டத்தில் வழமைபோல் பழைய மழையை நினைத்துக் குறித்திருந்தார்கள். இப்போது பெய்கிற மழை கூட்டத்துக்கு வருவதில்லை. அது திகதிக்கு முன்பே இறங்கி மாடு, எலி, மலசலகூடக் குழி எல்லாவற்றையும் ஒரே தண்ணீரில் கலந்து முற்றங்களுக்கு அனுப்பிவைத்தது.

அறுக்காமல் செத்த மாட்டை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். தொடாமல் என்ன செய்யலாம் என்பதில் கெட்டிக்காரர்கள். நீண்ட கம்பால் தள்ளி அடுத்த ஊர் எல்லைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஊர்த் தமிழர்களிடமும் கம்பு இருந்தது. உயிரோடு இருந்தவரை வெறும் மாடாக இருந்தது, செத்த பிறகு காலையில் முஸ்லிம் மாடாகவும் மாலையில் தமிழ் மாடாகவும் மாறி மாறி ஊதிக்கொண்டு கிடந்தது. இரு கரையிலும் சனங்கள் அதே தண்ணீரில் கால் கழுவினார்கள்.

அதன் இரண்டு காதுகளும் இல்லை. சொந்தக்காரனைக் காட்டும் பட்டி காதில்தான் இருக்கும். யாரோ ஒரு புத்திசாலி, எது பட்டியுள்ள காது என்று பார்க்கவும் பொறுமையில்லாமல் இரண்டையும் அறுத்துப்போட்டிருந்தான்.

நான் அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். மாட்டுக்கு ஓர் அலுவலகம், தண்ணீருக்கு ஓர் அலுவலகம், மனிதனுக்கு ஓர் அலுவலகம். மாட்டு அலுவலகத்தில் எழுதுவினைஞர் பேனையை எடுக்கவே இல்லை.

"பட்டி நம்பர் இல்லாம பதிய ஏலா சேர்."

"காதே இல்ல தம்பி. பட்டிக்கு எங்க போற?"

"அப்ப அது எங்கட கணக்கில இல்லாத மாடு சேர்."

தண்ணீர் அலுவலகத்தில் இருந்தவர் இன்னும் தெளிவானவர்.

"வாய்க்கால் எங்கட சேர். மாடு எங்கட இல்ல."

"மாடு வாய்க்காலுக்குள்ளதானே கிடக்கு?"

"மிதக்குது சேர். தண்ணிக்கு மேலதான் கிடக்கு."

மனித அலுவலகத்தில் கதிரை தந்தார்கள். "ஆளுக்கு வருத்தம் வந்தாச் சொல்லுங்க சேர், உடன வாறம்" என்றார்கள். ஆள் விழும் வரைக்கும் காத்திருப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்களிடம் வேறென்ன கதைப்பது? எழுந்து வந்து மூவருக்கும் கடிதம் எழுதினேன், ஒவ்வொருவருக்கும் மற்ற இருவரின் பிரதியோடு. காதை வெட்டியவனைப் பிடித்து மறியலில் போடவேண்டும் என்றும் ஒரு பந்தி சேர்த்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மனைவிக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். அவள் தன் தம்பிக்குச் சொன்னாள். என் மூன்று கடிதங்களில் எதுவும் அந்த வேகத்தில் போய்ச் சேரவில்லை.

அந்தத் தம்பி, என் மச்சான், மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்கிறவர். சில மாடுகளும் உண்டு. அடுத்த கிழமை அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு. மழைக்குப் பிறகு இந்தக் கரையில் எந்தக் காய்ச்சலும் முதலில் டெங்குதான். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் சரியான கேள்வியைக் கேட்டார்: வெள்ளத்தில் இறங்கினீர்களா, செத்த மிருகம் எதையும் தொட்டீர்களா?

"அல்லாட காவல், இல்ல டொக்டர். நான் ஊட்ட உட்டு இறங்கவே இல்ல."

டொக்டர் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் மச்சானின் கண் மஞ்சளாகியிருந்தது. சிறுநீர் குறைந்துவிட்டதாகத் தாதி சொன்னார். மச்சான் இடது கையைப் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தார். என் மனைவி இழுத்துப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே ஆழமான வெட்டு.

"இது என்னடா?"

"தேங்காய் உரிச்சன் ராத்தா."

"நீ தேங்காய் உரிச்சத உன்ட பொஞ்சாதியே கண்டதில்ல," என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"என்ட மாடுதான் அது. தண்ணிக்க நின்டுதான் காத அறுத்தன், கத்தி வழுக்கிட்டுது. நீங்கதானே மச்சான் எழுதினீங்க, வெட்டினவன உள்ளுக்குப் போடோணும் என்டு. பொறகு எப்பிடி நான் வாயத் திறக்கிற?"

"மாட்டை வயல்ல உட்டதுக்குக் குற்றம் எழுதுவாங்க என்டுதானே வெட்டின நீங்க?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எடுக்கவேண்டிய திகதி எப்ப?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். திகதி அன்றைக்கும் வந்திருக்கவில்லை. மாடு சட்டப்படி வயலில் நின்று, சட்டப்படி வெள்ளத்தில் செத்தது. இல்லாத குற்றத்தை மறைக்க இந்த மனிதர் மாட்டின் காதையும் தன் கையையும் வெட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பொய் சொல்லிக்கொண்டு கிடந்தார். அவரை அங்கேயே ஏசினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். என் மனைவி என்னை ஏசினாள். "உங்கட சட்டத்தப் பொறகு கதைங்க, முதல்ல டொக்டரக் கூப்பிடுங்க!"

கூப்பிட்டேன். எலிக்காய்ச்சல். எலியால் மட்டும் வருவதல்ல, மாட்டின் சிறுநீரும் போதும் என்று டொக்டர் விளக்கினார். அன்றே மருந்தை மாற்றினார்கள். மச்சான் பிழைத்தார், சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மாடு வெள்ளம் வற்றியபோது கரையில் ஒதுங்கி நாய்களுக்குப் போனது. அந்த நாய்கள் இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதையில் திரிகின்றன. அவற்றுக்கு எந்த அலுவலகம் என்று நான் விசாரிக்கவில்லை.

என் கடிதங்களில் ஒன்றுக்கு மறுமொழி வந்தது. "தங்கள் முறைப்பாடு மேலதிக நடவடிக்கைக்காக உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது." உரிய அலுவலகம் எதுவென்று எழுதவில்லை. நோன்பு பிடிக்கக்கூடாதென்று டொக்டர் தடுத்திருந்ததால் மச்சான் எங்கள் குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கடிதத்தோடு தபால்காரர் படலையில் மணி அடித்தார். அன்று றமழானின் முதல் நாள், தலை நோன்பு.