பிஸ்கட் டப்பாவோடு வந்தவர்

முழங்கால் வலிக்காகப் புதுப்பட்டினம் டாக்டரிடம் போனபோது, ஒரு பெரியவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, மடியில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்து காட்டினார். உள்ளே முழுக்க மாத்திரைகள்.

"செங்கல்பட்டு டாக்டர் குடுத்தது, திருப்போரூர் டாக்டர் குடுத்தது, திருக்கழுக்குன்றத்துல ஒருத்தர் குடுத்தது. எதையும் வுடமாட்டேன்," என்றார் பெருமையாக. பந்தியில் யார் பரிமாறினாலும் வேண்டாம் என்று சொல்லாத மனிதர் போலிருக்கிறது.

"அப்புறம் இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"தல சுத்துதும்மா. ரெண்டு வாட்டி வுழுந்துட்டேன்."

உள்ளே கூப்பிட்டதும் டப்பாவை என் கையில் திணித்தார். "கொஞ்சம் வச்சிகினு இருங்க. ஒரு டாக்டருகிட்ட இன்னொருத்தர் மருந்தக் காட்டறது மரியாதையா?"

மரியாதை தெரிந்தவர் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார். நான் அவ்வளவாகப் படிக்காதவள், எனக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. பின்னாலேயே போய் டப்பாவை டாக்டர் மேசையில் கவிழ்த்தேன்.

"இத்தனையும் சேர்த்துச் சாப்பிட்டா தலை சுத்தாம என்ன செய்யும்?" என்ற டாக்டர், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டார். பெரியவரோ, கள்ள உறவைக் காட்டிக் கொடுத்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?" என்று வெளியே வந்து கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் கை இப்போதாவது சுவரை விட்டிருக்குமா என்று, முழங்கால் வலிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.