அண்ணன் காரை நான் கட்டிய லட்சணம்

ஒரு காரை டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுமையும், யார் சொல்வதையும் நம்பாத கெட்ட குணமும் இருந்தால் போதும். கிள்ளானில் இருபது வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். அந்தக் கெட்ட குணம் எனக்குத் தாராளமாகவே உண்டு; வீட்டில் கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். ஒரே ஒரு நாள் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஏற்றியது என் சொந்த அண்ணனின் காரை.

அதற்கு முன் அண்ணனும் நானும் ஒன்பது வருடம் பேசிக்கொள்ளவில்லை. அம்மா இறந்த அன்று நான் சிரம்பானில், விபத்தில் நசுங்கிய வேன் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் லோரிக்குள் கிடந்தது. செய்தி தெரிந்து பூச்சோங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். அங்கிருந்து சுடுகாட்டுக்கு ஓடினேன். கிரீஸ் படிந்த சட்டையோடு மூச்சிரைக்க நின்ற என்னை அண்ணன் மேலும் கீழும் பார்த்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்:

“லோரியிலயே இருந்துக்க வேண்டியதுதானே. இங்க உனக்கு என்ன வேலை?”

அண்ணன் படித்தவர், வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். நான் படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். அவர் பேசினால் நாலு பேர் தலையாட்டுவார்கள். நான் பேசினால் சண்டைக்கு வருகிறான் என்பார்கள். அன்றைக்கு நான் அங்கிருந்தே திரும்பினேன். பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அவரிடமிருந்து போன் வந்தது. மகளுக்குக் கல்யாணம். அப்பா வாங்கிய பழைய கார், அதுநாள்வரை அண்ணன் வீட்டுப் பின்புறம் கித்தான் போட்டு மூடிக் கிடந்தது, அதைக் கிள்ளானில் ஒரு பட்டறையில் கொடுத்துப் புதுசாக்கியிருக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் மண்டப வாசலில் பெண் அந்தக் காரிலிருந்து இறங்க வேண்டும் என்று ஆசை. சாலை வரி கட்டாத கார், நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வர முடியாது.

“வேற ஆளுகிட்ட குடுக்க மனசு வரல தம்பி. நீயே ஏத்திட்டு வந்துரு,” என்றார்.

தம்பி என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். ஒன்பது வருடம் நான் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. “சரிங்கண்ணே, சரிங்கண்ணே” என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். அதை இப்போது எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டேன். டிரெய்லரை முந்தைய நாளே கழுவித் துடைத்து வைத்திருந்தேன். வேறு யார் காருக்கும் அப்படிச் செய்ததில்லை. காரைப் பார்த்ததும் ஒரு முறை அதைச் சுற்றி வந்தேன். இளமஞ்சள் நிறம், அப்பா காலத்தில் இருந்த அதே நிறம். அண்ணன் செலவைப் பார்க்காமல் செய்திருந்தார்.

வின்ச்சின் கம்பிவடத்தைக் காரில் மாட்டி மெதுவாக இழுத்து ஏற்றினேன். காரின் பாரம் டிரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், அதற்குப் பிறகு கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். சரியான இடத்தில் நிறுத்தி, கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். கட்டுகிற நாடாப் பட்டையைக் காரின் உடம்பில் மாட்டக்கூடாது; டயரைச் சுற்றிப் போட்டு டிரெய்லர் தட்டோடு இறுக்க வேண்டும். மேலே கார் ஸ்பிரிங்கில் எவ்வளவு குலுங்கினாலும் சக்கரம் அசையாது. நாலு டயருக்கும் நாலு பட்டை. இறுக்கி முடித்து, கையால் காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கல் போல நின்றது.

பத்து மணி ஆனபோது அண்ணனும் அண்ணியும் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் பூச்சோங்கிலிருந்து வந்து இறங்கினார்கள். அண்ணி கையில் தாம்பாளம். தேங்காய், சூடம், பூ, நாலு எலுமிச்சம்பழம்.

“அதுக்குள்ள ஏத்திட்டீங்களா தம்பி?” என்றார் அண்ணி. “பழம் நசுக்காம எப்படி வண்டி கிளம்பறது?”

புதுக் கார் எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நம் ஆட்கள் தெருவுக்கே எடுப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது தரையில் செய்கிற காரியம்.

“எறக்கி மறுபடி ஏத்தணும் அண்ணி. முக்கால் மணி நேரம் ஆவும்,” என்றேன்.

“பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பட்டறை கேட்ட தாண்டணும்லா,” என்று அண்ணி அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் என் தோளில் கை வைத்தார். “எறக்க வேணாம் தம்பி. மேலயே வச்சிருவோம். அரை அடி முன்னால நகத்துனா போதும். நான் உள்ள உக்காந்துக்கறேன்.”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு எந்த வாடிக்கையாளர் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன், கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்த்தே சொல்லியிருப்பேன். ஆனால் தோளில் இருந்தது அண்ணனின் கை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த கை. நாலு பட்டையையும் அவிழ்த்தேன். கட்டைகளை எடுத்தேன். அண்ணன் ஏறி உட்கார்ந்து கியரையும் ஹேண்ட்பிரேக்கையும் விடுவித்தார். சக்கரங்களுக்கு முன் பழங்களை வைத்து வின்ச்சால் அரை அடி இழுத்தேன். நாலும் நசுங்கின. சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள். அண்ணி சூடம் காட்டினார்.

மணி பத்து இருபது. மறுபடி கட்டை வைக்கப் போனால் முன் சக்கரத்துக்கு அடியில் பழத்தோல் வழுக்கியது. துடைக்கத் துணியை எடுத்தேன்.

“அதத் தொடைக்கக் கூடாது தம்பி, அப்படியே போவட்டும்,” என்றார் அண்ணி.

தோலின் மேலேயே கட்டையை வைத்தேன். அவசர அவசரமாகப் பட்டைகளைப் போட்டு இறுக்கினேன். அண்ணன் காரை விட்டு இறங்கினார்.

“கியரு, ஹேண்ட்பிரேக் எல்லாம் போட்டாச்சா அண்ணே?”

“போட்டாச்சு, போட்டாச்சு. கெளம்பு.”

நான் கதவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். கண்ணால் பார்க்காத ஹேண்ட்பிரேக் போடாத ஹேண்ட்பிரேக் என்று எத்தனை டிரைவர்களிடம் கத்தியிருக்கிறேன். ஆனால் அண்ணன் போட்டாச்சு என்று சொன்ன பிறகு, அவர் கண் முன்னால் நான் கதவைத் திறந்து சரிபார்த்தால் என்ன அர்த்தம்? உங்களை நம்பவில்லை என்று அர்த்தம். நான் திறக்கவில்லை. பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கேட்டைத் தாண்டினோம்.

எந்தக் காரைக் கட்டினாலும் ஐந்தாறு கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்க வேண்டும். சக்கரம் தன் இடத்தில் உட்கார்ந்ததும் பட்டை கொஞ்சம் தளரும். ஒவ்வொரு முறையும் தளரும். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியதும் ஓர் எண்ணெய் நிலையத்தில் நிறுத்த சிக்னல் போட்டேன். உடனே போன் அடித்தது. பின்னால் காரில் வந்துகொண்டிருந்த அண்ணன்.

“நிறுத்தாத தம்பி. நல்ல நேரத்துல கெளம்பின வண்டி நடுவுல நிக்கக் கூடாதுன்னு அண்ணி சொல்றாங்க. நேரா போயிரு.”

சிக்னலை அணைத்தேன்.

ஷா ஆலம் தாண்டி, பத்து தீகா என்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வெள்ளைக் கார் சிக்னல் போடாமல் என் முன்னால் நுழைந்து சடாரென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். பின்னால் ‘டமார்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஏற்றிய கார்களில் கேட்டிருக்கிறேன். என் டிரெய்லரில் கேட்டதில்லை.

ஓரமாக நிறுத்தி ஓடினேன். கட்டை வழுக்கி ஒரு பக்கமாகக் கிடந்தது. தளர்ந்த பட்டைகளுக்குள் கார் முன்னால் உருண்டு, டிரெய்லர் முகப்பில் இருந்த வின்ச் கம்பத்தில் மோதியிருந்தது. இடது விளக்கு தூள். பானெட் மடங்கி நின்றது. இளமஞ்சள் பெயின்ட் செதில் செதிலாகத் தட்டில் உதிர்ந்து கிடந்தது. பட்டைகள் மட்டும் அறுந்து போயிருந்தால் கார் என் தலைக்கு மேலேயே வந்திருக்கும். அது இல்லையென்றால் பின்னால் வந்த அண்ணன் குடும்பத்தின் மேலே.

டிரெய்லர் மேல் ஏறிக் கதவைத் திறந்தேன். கியர் நடுவில் நின்றது. ஹேண்ட்பிரேக் கீழே படுத்திருந்தது.

அண்ணன் மறந்துவிட்டார். கை தட்டல், சூடம், ராகு காலம். யார்தான் மறக்க மாட்டார்கள். பின்னால் அண்ணனின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாலு பேரும் இறங்கினார்கள். சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சுடுகாட்டில் நின்றவர்கள்தான். அவர்கள் முன்னால் அண்ணன் தலை குனியக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அந்த நிமிடத்தில் வேறு எதுவுமே தோன்றவில்லை. கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்தேன். கியரையும் போட்டேன். கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

அண்ணன் முதலில் உடைந்த விளக்கைப் பார்த்தார். காரைச் சுற்றி வந்தார். தட்டில் ஏறினார். நான் திறக்காமல் விட்ட அந்தக் கதவை அவர் திறந்து பார்த்தார்.

“ஹேண்ட்பிரேக் நான் போட்டது போட்டபடி இருக்கு. கியரும் இருக்கு,” என்று சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு என்னிடம்: “என்னத்தக் கட்டுன நீ? இருவது வருசமா இததானே செய்யற? இந்த ஒரு வேலகூட உனக்கு ஒழுங்கா தெரியாதா?”

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? ஹேண்ட்பிரேக் கீழே கிடந்தது, உங்கள் மானத்தைக் காப்பாற்ற நான்தான் தூக்கிவிட்டேன் என்றா? அடுத்தவன் மேல் பழி போடுகிறான் என்பார்கள். என்னிடம் இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்துவிட்டு நின்றேன்.

“அப்பா காரு அது,” என்றார் அண்ணன். குரல் உடைந்தது. அவர் அழுததை அம்மா சாவிலும் நான் பார்த்ததில்லை. அதனால் கடைசிவரை சொல்லவில்லை.

ஆனால் முழு உண்மை அதுவும் இல்லை. வழுக்குகிற தோலின் மேல் கட்டை வைத்தது நான். நிறுத்தி இறுக்காமல் போனது நான். ஹேண்ட்பிரேக் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு நான் உத்தமன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். முடியவில்லை. என் வேலை எனக்குத் தெரியும். தெரிந்தே அதை ஒரு தோள் தட்டலுக்கு விற்றேன்.

கல்யாணத்துக்குப் போனேன். பெண் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். கால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, “இட்ஸ் ஓக்கே சித்தப்பா, எக்ஸிடெண்ட்தானேலா,” என்றாள். நல்ல பிள்ளை. சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் அண்ணன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “கூடப் பொறந்தவனாச்சேன்னு குடுத்தேன். வெளி ஆளுகிட்ட குடுத்திருந்தா பத்திரமா வந்து சேர்ந்திருக்கும்.” இலையில் உட்காராமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போன் இல்லை. நானும் அடிக்கவில்லை.

போன மாதம் கூட்டரசு நெடுஞ்சாலையில் காலி டிரெய்லரோடு வந்துகொண்டிருந்தேன். முன்னால் வேறு ஒரு கம்பெனியின் டிரெய்லர். அதன் மேல் அப்பாவின் கார். பானெட் சரியாகிவிட்டது, புது விளக்கு, அதே இளமஞ்சள். மனசு என்னவோ செய்தது. ஆனால் கண் அதன் பாட்டுக்கு டயருக்குத்தான் போனது. பின்பக்கம் இடது பட்டை தளர்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

முந்திப் போயிருக்கலாம். வெளி ஆள் எவ்வளவு பத்திரமாகக் கொண்டு சேர்க்கிறான் என்று அண்ணன் பார்க்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஒரு கிலோமீட்டர் தூரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பிறகு ஹார்ன் அடித்து, விளக்கைப் போட்டுக் காட்டி, ஓரமாக நிறுத்த வைத்தேன்.

டிரைவர் நம் தமிழ்ப் பையன்தான், முப்பது வயதிருக்கும். பட்டையைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. அவன் இறுக்கும் கருவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு ஏறி இறுக்கிவிட்டேன். மற்ற மூன்றையும் இறுக்கினேன். காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

“தேங்க்ஸ் அண்ணே. ஓனர் ரொம்ப கறாரு. ஏதாவது ஆயிருந்தா என் வேல போயிருக்கும்,” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். “இந்தக் காரு ஓனர ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியாது,” என்றேன்.