தோட்டத்தில் இல்லாத அப்பா

நான் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படித்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் பாடம் நடத்த வந்தார். அவருக்குக் கை கால் கிடையாது. ஒரு மரப்பெட்டியும், அதன்மேல் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த ஒரு தகரக் குழலும்தான் அவர். சாவி கொடுத்தால் பேசுவார். சாவி தீரத்தீர இழுத்து இழுத்துப் பேசி, தொண்டை கட்டி, பாதி வார்த்தையில் வாயை மூடிவிடுவார்.

ஜெயங்கொண்டத்தில் அப்போது கிராமபோன் பெட்டி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிராசுதார் ஒருவருடைய மகன் சென்னைக்குப் படிக்கப் போய்விட்டான். அவன் கேட்டுச் சலித்துப்போன ஆறு இங்கிலீஷ் பாடப் பிளேட்டுகளையும் பெட்டியையும் அவர் பள்ளிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். தானம் கொடுத்தவர் ஊசி கொடுக்கவில்லை. யுத்த காலம், கடையிலும் ஊசி கிடைக்காது. எங்கள் இங்கிலீஷ் சார் கருவேல முள்ளைச் சீவி, ஊசி இருக்கவேண்டிய இடத்தில் செருகினார். அதனால் எங்கள் வெள்ளைக்காரர் எப்போதும் கொஞ்சம் சளி பிடித்த குரலில்தான் பேசினார்.

இங்கிலீஷ் சார் கும்பகோணத்துக்காரர். அதுவரை அவர் பேசியதுதான் எங்களுக்கு இங்கிலீஷ். ஆனால் அவர் பேசிய இங்கிலீஷுக்கும் பெட்டி பேசிய இங்கிலீஷுக்கும் தூரத்து உறவுகூட இருப்பதாகத் தெரியவில்லை. அது எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பெட்டி வந்த நாளிலிருந்து வகுப்பில் அவர் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். “நான் சொல்றதக் கேக்காதீங்க. பிளேட்டு சொல்றதக் கேளுங்க” என்பார். கேட்டோம். அது சொன்னதை அப்படியே நாற்பது பையன்களும், என்னையும் சேர்த்து இரண்டு பெண்பிள்ளைகளும் கத்தினோம். சளியையும் சேர்த்துத்தான் கத்தினோம்.

மூன்றாவது பிளேட்டில்தான் எனக்குத் தகராறு வந்தது.

அது குடும்பத்தைப் பற்றிய பாடம். வெள்ளைக்காரர் கேள்வி கேட்பார், ஒரு சின்னக் குழந்தையின் குரல் பதில் சொல்லும். ‘வேர் இஸ் யுவர் ஃபாதர்?’ அப்பா எங்கே? ‘மை ஃபாதர் இஸ் இன் தி கார்டன்.’ அப்பா தோட்டத்தில் இருக்கிறார். அம்மா எங்கே? அம்மா சமையலறையில் இருக்கிறாள். பாப்பா சிரிக்கிறது. சார் ஒவ்வொருவராக எழுப்பி அதே கேள்வியைக் கேட்டார். எல்லாருடைய அப்பாவும் தோட்டத்தில் இருந்தார்கள். பஸ் ஓட்டுகிறவருடைய மகனும் தோட்டத்தில் என்றுதான் சொன்னான்.

என் முறை வந்தது. நான் எழுந்து, “மை ஃபாதர் இஸ் இன் சிங்கப்பூர்” என்றேன்.

என் அப்பா சிங்கப்பூரில்தான் இருந்தார். நான் சின்ன வகுப்பில் இருந்தபோது நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர். அந்த ஊரை ஜப்பான்காரன் பிடித்த பிறகு கடிதம் நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக ஒரு வரி இல்லை. தா.பழூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு காணி நன்செய் இருந்தது. அண்ணன் இனி வரப்போவதில்லை, நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணி பிறந்த வீட்டுக்குப் போகட்டும் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா போகவில்லை. என்னை மட்டும் ஜெயங்கொண்டத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த மாமா வீட்டில் படிக்க விட்டாள். அனுப்பும்போது அவள் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்: “அப்பா எங்கன்னு யார் கேட்டாலும் சிங்கப்பூர்ல இருக்காங்க, வருவாங்கன்னு சொல்லு. சத்தமா சொல்லு. முனகாத.”

பிளேட்டுக்காரர் கேட்டால் வேறு பதில் சொல்லலாம் என்று அவள் சொல்லவில்லையே.

சார் முதலில் சிரித்தார். “அது சரி. இப்ப பிளேட்டுல இருக்கறதச் சொல்லு” என்றார். நான் மறுபடியும் சிங்கப்பூர் என்றேன். மூன்றாவது தடவை சொன்னதும் பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொன்னார். நின்றேன். மறுநாளும் கேட்டார், மறுநாளும் நின்றேன். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி நடந்தது. பெட்டிக்குச் சாவி கொடுக்கும் சத்தம் கேட்டாலே நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சுமேல் ஏறிவிடுவேன். அந்த உயரத்திலிருந்து பிளேட்டு சுற்றுவது நன்றாகத் தெரியும்.

கடைசியில் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மாமா நல்ல மனுஷர், சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவர். திரும்பி வரும் வழியில் அவர் என்னைக் கெஞ்சினார். “தோட்டத்துல இருக்காருன்னு சொல்லிட்டுப் போயேம்மா. இங்கிலீசுலதானே சொல்ற? அதுல என்ன வந்துடப் போவுது?”

“அப்பா தோட்டத்துல இல்லியே மாமா.”

அவர் வழியில் ஒரு கடைப் பக்கம் திரும்பினார். கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தார். அது எதற்காக என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

ஆனால் இங்கிலீஷில் சொன்னால் ஒன்றும் வந்துவிடாது என்று அவர் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. ஏனென்றால் எனக்கு இன்னொரு தொல்லை இருந்தது. பிளேட்டில் அடுத்த வரி, அம்மா சமையலறையில். அதுவும் பொய்யாகத்தான் இருந்தது.

எங்கள் வயலுக்கு ஏர் ஓட்ட யாரும் போகக் கூடாது என்று சித்தப்பா ஆட்களிடம் கட்டளை போட்டிருந்தார். தண்ணீர் வந்துவிட்டது, அக்கம்பக்கத்து வயலெல்லாம் சேறு கலக்கியாயிற்று, எங்கள் வயல் மட்டும் ஏர் படாமல் கிடந்தது. ஒரு லீவு நாளில் ஊருக்குப் போயிருந்தபோது, விடியற்காலையில் எழுந்து பார்த்தால் அம்மாவைக் காணோம், மாட்டையும் காணோம். தேடிக்கொண்டு வயலுக்குப் போனேன். அம்மா புடவையை முழங்காலுக்கு மேலே வரிந்து கட்டிக்கொண்டு, அப்பாவுடைய கலப்பையைப் பிடித்து உழுதுகொண்டிருந்தாள். பெண்பிள்ளை நாற்று நடலாம், களை பறிக்கலாம், கதிர் அறுக்கலாம். ஏரைத் தொடக் கூடாது. தொட்டால் ஊருக்கு மழை வராது என்பார்கள். அது எனக்கும் தெரியும். அம்மா என்னைப் பார்த்ததும், “யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது” என்றாள். ஊரில் நடமாட்டம் தொடங்கும் முன்பே மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மாமாவிடம் ஒரு பழைய இங்கிலீஷ் அகராதி இருந்தது. அதில் உழுவதற்கு என்ன சொல் என்று தேடி எடுத்தேன். பி, எல், ஓ, யூ, ஜி, எச் என்று எழுத்து கிடைத்தது, உச்சரிப்பு கிடைக்கவில்லை. பாப்பா சிரிக்கிறது என்ற வரியில், ஜி, எச் என்று முடிகிற சொல்லைப் பிளேட்டுக்காரர் ‘லாஃப்’ என்று சொல்லியிருந்தார். இந்தச் சொல்லும் ஜி, எச் என்றுதான் முடிந்தது. ஆகவே இது ‘ப்ளஃப்’ என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாருக்கும் புரியாத பாஷையில், யாரும் கேள்விப்படாத சொல்லில் சொன்னால் மூச்சு விட்டதாக ஆகாது என்று நினைத்தேன்.

அந்த மாதம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். தலைப்பாகையும் மூடிய கோட்டும் போட்ட தமிழர்தான். பெட்டி வைத்துப் பாடம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு அதைப் பார்க்கவே வந்தாராம். சார் பெட்டியை இரண்டு தடவை துடைத்தார். புதிதாகச் சீவிய முள்ளைச் செருகி மூன்றாவது பிளேட்டைப் போட்டார். வெள்ளைக்காரர் பேசினார், நாங்கள் கத்தினோம். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, பெட்டியை நிறுத்தச் சொன்னார். பிறகு அவரே முதல் வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா எங்கே? தோட்டத்தில். அப்பா எங்கே? தோட்டத்தில். ஏழெட்டு அப்பாக்கள் தோட்டத்துக்குப் போனபிறகு அவர் தலைமையாசிரியரைப் பார்த்து, “இந்த ஊர்ல வேற யாருக்கும் வேலை இல்லியா சார்?” என்றார்.

அடுத்து என்னைக் கேட்டார். சார் பின்னாலிருந்து கண்ணாலேயே கும்பிட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார் என்றேன். அம்மா எங்கே என்றார். ‘மை மதர் இஸ் இன் தி ஃபீல்ட். ஷி இஸ் ப்ளஃபிங்.’

இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். “அப்படின்னா என்னம்மா? தமிழ்ல சொல்லு” என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. களை பறிக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் சார் முன்னால் வந்து, “சும்மா ஏதோ உளறுது சார். பிளேட்டுல இல்லாததச் சொல்லும். பொய் சொல்லிப் பழகின பொண்ணு” என்றார்.

பன்னிரண்டு நாள் பெஞ்சுமேல் நின்றபோது வராத கோபம் அந்த ஒரு சொல்லில் வந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்றுதானே அத்தனை நாள் நின்றேன்!

“பொய் இல்ல சார்!” என்று கத்தினேன். “எங்கம்மா ஏர் ஓட்டுறாங்க. யாரும் வரமாட்டேன்னுட்டாங்க, அதனால அவங்களே ஓட்டுறாங்க. நானே பார்த்தேன்.”

வகுப்பு ‘கொல்’லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதினார். “ப்ளவ். கடைசி ரெண்டு எழுத்து வாய் தொறக்காது” என்றார். பிறகு அந்த வாக்கியத்தைத் தானே ஒரு முறை சொல்லி, எல்லாரையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். சிரித்த நாற்பது பையன்களும், அவள் உழுதுகொண்டிருக்கிறாள் என்று இங்கிலீஷில் மூன்று தடவை சொன்னார்கள். சாரும் உதட்டை அசைத்ததைப் பார்த்தேன்.

அந்த வெற்றி சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் தினமும் தா.பழூரிலிருந்து வந்து படித்துப் போகிறவன். நான் மாமா வீட்டுக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் அவன் அந்தச் செய்தியோடு பஸ் ஏறிவிட்டிருப்பான். சனிக்கிழமை மாமாவும் நானும் ஊருக்குப் போய் இறங்கியபோது, எங்கள் வாசலில் சித்தப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அம்மா கதவுக்கு வெளியே வந்து நின்றிருந்தாள்.

“பொட்டச்சி ஏரைத் தொட்டா ஊர் வெளங்குமா?” என்றார் பெரியவர்களில் ஒருவர்.

“நீ ஓட்டலன்னு சொல்லிடு அண்ணி. சின்னப்புள்ள ஏதோ தெரியாம சொல்லிடுச்சுன்னு விட்டுடறோம்” என்றார் சித்தப்பா. அவர் குரல் மிகவும் நயமாக இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். அடி விழப்போகிறது என்று நான் மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“எம் பொண்ணு பொய் சொல்லாது. நான்தான் ஓட்டினேன். அரை வயல் ஓட்டியாச்சு, இன்னும் அரை வயல் கெடக்கு. நாளைக்கு வெயில் வந்ததும் ஓட்டப்போறேன். பார்க்கணும்னா வாங்க.”

மறுநாள் ஊரே வரப்பில் நின்றது. அம்மா எருதுகளைப் பூட்டி, நல்ல வெயிலில், எல்லாருக்கும் நடுவில் ஏரை இறக்கினாள். நான் அவளுக்குப் பின்னால் உழுத சேற்றில் கால் புதையப் புதைய நடந்தேன். மாமா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக ஒரு மூலையில் நின்றார். போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. வானம் இடிந்து விழவில்லை. இரண்டு சால் ஓட்டியதும் சில பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கலப்பை நேராகப் போகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சித்தப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. வரப்பிலிருந்து கத்தினார்: “நாளைக்கு எங்கண்ணன் வந்து, எம் பொண்டாட்டிய இப்படி விட்டுட்டியேடான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

அம்மா மாட்டை நிறுத்தினாள்.

“உங்கண்ணன் வந்து கேக்கட்டும் தம்பி” என்றாள்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா வந்து கேட்கப்போகிறார் என்று அம்மாவே ஊரறியச் சொல்லிவிட்டாள்! அறுவடைக்குள் வருவாரா, பொங்கலுக்கு வருவாரா என்று நான் அந்தச் சேற்றில் நின்றபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்களில் என் அப்பா இல்லை. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். அத்தனை பேர் வாயையும் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்ட அம்மா, மாட்டை அதட்டி ஓட்டாமல், கலப்பையின் மேழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏன் அவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்பது.